தயிர்க் கலமும் ஆய்வுக்கூடமும்

காஷ்கரைச் சேர்ந்த மஹ்மூத் என்னும் துருக்கிய அறிஞர், கி.பி. 1070களில் பக்தாதில் 'தீவானு லுகாதித் துர்க்' என்னும் சொற்களஞ்சியத்தை அரபியில் தொகுத்தார். அதில் 'யோகுர்ட்' என்ற சொல்லின் பழைய வடிவம் பதிவாகியுள்ளது. இன்று ஐரோப்பிய மொழிகள் பலவும் தயிரைக் குறிக்க வழங்குவது துருக்கியரிடமிருந்து பெற்ற இச்சொல்லையே.

உதுமானியர் நெடுங்காலம் ஆண்ட பல்கேரியாவின் தயிரை ஜெனீவாவில் ஆராய்ந்த ஸ்டாமென் கிரிகோரொவ், அதனைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாவை 1905இல் விவரித்தார். குடலில் அழுகலை விளைவிக்கும் கிருமிகள் முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றும், தயிரின் நுண்ணுயிர்கள் அவற்றை அடக்கும் என்றும் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மெச்னிகோவ் 1907இல் வாதிட்டார். அப்பல்கேரிய நுண்ணுயிர் மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

அதற்கு வலுவான விடையொன்று கோழிப்பண்ணையிலிருந்து கிடைத்தது. பொரிப்பானில் பிறக்கும் குஞ்சு தாயின் நுண்ணுயிர்களைப் பெறுவதில்லை. வெறுமையான அதன் குடலில் சால்மோனெல்லா எளிதில் குடியேறுகிறது. வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்கு முன்கூட்டியே ஊட்டினால் இத்தொற்றைத் தடுக்கலாம் எனப் பின்லாந்தின் நூர்மியும் ரந்தாலாவும் 1973இல் நிறுவினர். கால்நடைகளின் வளர்ச்சியைத் தூண்ட ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாகத் தடை செய்தபின் இவ்வழி மேலும் கவனம் பெற்றது.

அந்தலூசியாவின் குர்துபா நகரின் பெயரைத் தாங்கிய அர்ஜென்டினாவின் கோர்டோபாவில், 2001இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 'புரோபயாட்டிக்' என்பதற்கு வரையறை வகுத்தது. உயிருள்ள நுண்ணுயிராக இருத்தல், போதிய அளவில் உட்கொள்ளப்படுதல், உட்கொள்ளும் உயிருக்கு நலம் பயத்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். எனவே கொதிக்க வைத்த தயிருக்கு இப்பெயர் பொருந்தாது. ஒரு வகை நுண்ணுயிர் தரும் பயனை மற்றொன்றுக்கும் ஏற்றிக் கூறவும் இயலாது. தயிரின் உயிருள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்கத் துணைபுரிகின்றன என்பது ஏற்கப்பட்ட உண்மை. ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயெதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் புரோபயாட்டிக் மருந்துகள் தீங்காகவும் முடியலாம்.

'இவையனைத்தையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என உரைப்பது நமக்கு எளிது. காஷ்கரீ அறிந்தது தயிரை, நுண்ணுயிரை அன்று. தாலமியின் நூல்களையே ஐயுற்று ஆராய்ந்த இப்னுல் ஹைதமும் நம் மரபினரே. இல்லாத கண்டுபிடிப்பை முன்னோர் மீது ஏற்றுவது அம்மரபுக்குப் பெருமை சேர்க்காது. நலம் தருவதாக விற்கப்படும் ஒவ்வொரு புட்டியிடமும் 'எந்த நுண்ணுயிர், எவ்வளவு, என்ன சான்று' எனக் கேட்பதே அதற்கு நாம் செலுத்தும் உண்மையான மதிப்பாகும்.