குடிமல்லத்துக் கற்கள்

தாயகம் செல்லும் தமிழ்க் குடும்பங்களின் பயணத்தில் திருப்பதி தவறாது இடம்பெறும். ஏழுமலையானைச் சேவித்து, லட்டுப் பிரசாதம் பெற்று, அன்றிரவே சென்னை திரும்பிவிடுவது நம்மிற் பலர்க்கும் வழக்கம். நாங்களும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்து வந்தோம். சென்ற விடுமுறையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். அந்த ஒரு நாள் எங்களுக்குக் கற்பித்ததை ஈண்டுப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தே இருவேறு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருப்பதைக் காணலாம். கீழே இருப்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையுடைய கருங்கல். மேலே இருப்பது ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியிற் படிந்த மணல் இறுகிய பாறை. இடைப்பட்ட 80 கோடிக்கும் மேலான ஆண்டுகளுக்கு அவ்விடத்தே சான்றே இல்லை. அக்காலத்துப் படிவுகள் தேய்ந்து மறைந்தன போலும். திருக்கோயிலுக்கு வடக்கே, காற்றும் நீரும் செதுக்கிய சிலாதோரணம் என்னும் கல்வளைவு, 25 அடிக்குச் சற்று மிகுந்த அகலமும் 10 அடி உயரமுமாக நிற்கிறது.

"இந்தப் பாறைக்குள் பழைய விலங்குகளின் எலும்பு இருக்குமா?" என்று எங்கள் பிள்ளைகள் வினவினர். இராது. உலகில் விலங்கினம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானவை இப்பாறைகள். இவற்றோடு உறவுடைய கடப்பைப் பகுதிச் சுண்ணப்பாறைகளில் நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற அடுக்கடுக்கான புதைபடிவங்கள் மட்டுமே உண்டு. மனிதன் விட்டுச்சென்ற சுவட்டைக் காண மலையினின்று இறங்கி வயல்வெளிக்குச் செல்லவேண்டும்.

அவ்வாறு நாங்கள் சென்ற சிற்றூர் குடிமல்லம். ரேணிகுண்டாவைக் கடந்து, ஏர்ப்பேடு வட்டாரத்தில், தமிழ்நூல்கள் பொன்முகலி எனப் போற்றும் சுவர்ணமுகி ஆற்றின் அருகே அமைந்தது. பசிய வயல்களும் தோப்புகளும், தொலைவில் நீலமாய்த் தெரியும் மலைத்தொடரும் கண்ணுக்கு விருந்து. ஊரின் நடுவே பரசுராமேசுவரர் திருக்கோயில். யானையின் பின்புறம் போன்று வளைந்த கருவறை. இவ்வகைக் கோயிலைத் தூங்கானை மாடம் என்பர்.

முன்மண்டபத்தினும் தாழ்ந்த கருவறைத் தளத்தில் ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள இலிங்கம் நிற்கிறது. அதன் முன்புறத்தே சிவபெருமானின் முழுவுருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு கையில் ஆடு, மறு கையில் நீர்க்கலம், தோளில் பரசு, காலடியில் குறுகிய உருவினன் ஒருவன். மார்பில் பூணூல் இல்லை. இதனை அறிஞர் உலகுக்கு எடுத்துரைத்தவர் து. அ. கோபிநாத ராவ். அவர் இதன் காலத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு எனக் கணித்தார். பிற்காலத்தது என்பாரும் உளர். ஆயினும் இன்றும் வழிபாட்டிலுள்ள இலிங்கங்களுள் மிகத் தொன்மையானவற்றுள் இஃதொன்று என்பதில் ஐயமில்லை. 1973-இல் நடந்த அகழாய்வில், இலிங்கத்தைச் சுற்றிப் பண்டு இருந்த கல்வேலியும் வெளிப்பட்டது.

கோயிற் கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. பல்லவர், பாணர், சோழர் காலத்தவை. அவற்றில் இவ்வூரின் பெயர் திருவிப்பிரம்பேடு. விக்கிரம சோழன் காலத்தில், 1126-இல், கோயில் புதுப்பிக்கப்பெற்றது. வேங்கடத்தைத் தமிழுலகின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறுவதை நாம் அறிவோம். பின்னர் எல்லைகள் பலமுறை மாறின. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது, 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது, ம.பொ.சி. முன்நின்ற போராட்டத்தின் பின் 1960-இல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றத்திலும் கற்கள் இடம்பெயரவில்லை.

இழந்த மண்ணை எண்ணிப் பெருமூச்செறிய நாங்கள் இதனை எழுதவில்லை. எங்களை வருத்தியது வேறொன்று. கோயிலைச் சுற்றிக் காட்டிய பெரியவர் தெலுங்கர். சுவரிலிருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டி, "இது உங்கள் தமிழ்தானே, என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்" என்று ஆவலோடு கேட்டார். பட்டங்கள் பல பெற்ற நாங்கள் விழித்து நின்றோம். ஞாயிறுதோறும் தமிழ்ப்பள்ளி செல்லும் எங்கள் இளைய மகள்தான் கல்லருகே குனிந்து, "இது ப, இது ட" என்றாள். பெரியவர் முகம் மலர்ந்தது. எங்களுக்கோ மகிழ்ச்சியும் நாணமும் ஒருங்கே எழுந்தன.

அம்மொழி அறியாத அவ்வூரார் அக்கற்களைக் காத்து, நாள்தோறும் விளக்கேற்றி வருகின்றனர். அம்மொழிக்கு உரியோம் எனும் நாம் அவற்றைப் படிக்கவும் கற்றோமில்லை. மலைப்பாதையிற் கண்ட இடைவெளி இயற்கை செய்தது. எவராலும் நிரப்ப இயலாது. தலைமுறைகளுக்கிடையே நாம் விடும் இடைவெளியோ நம் கையில் உள்ளது. அடுத்தமுறை திருப்பதி செல்லும் அன்பர்கள் குடிமல்லத்துக்கும் ஒரு பொழுது ஒதுக்குக. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்க. செல்லுமுன் அவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்துச் செல்க.