வரிசை நிற்காத திவால்

1986 ஜூலையில் கொசாத்து என்ற கூட்டுறவுச் சங்கம் முடங்கியது. அடுத்த மாதமே பேங்க் நெகாரா இன்னும் 23 சங்கங்களை முடக்கியது. மாட்டிக்கொண்டது சுமார் 1.5 பில்லியன் வெள்ளி. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு. பெரும்பாலும் சீனர்கள், சின்ன வருமானக்காரர்கள். வங்கியைவிடக் கூடுதல் வட்டி என்று நம்பிப் போட்ட காசு. நிர்வாகிகள் அதை நிலத்திலும் பங்குச் சந்தையிலும் இறக்கினார்கள், தங்களுக்கு வேண்டிய கம்பெனிகளுக்கும் கடன் கொடுத்தார்கள். 1985-இல் பொருளாதாரம் சுருங்கியதும் சாயம் வெளுத்துவிட்டது.

சாயட்டும் என்று விட நியாயம் இருந்தது. சூதாடியவனைத் தூக்கிவிட்டால் நாளைக்கு இன்னொருத்தனும் ஆடுவான். வட்டிக்கு ஆசைப்பட்டவர் நஷ்டத்தையும் ஏற்கணும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சங்கங்கள் அப்போது பேங்க் நெகாராவின் மேற்பார்வையிலேயே இல்லை. கண்காணிக்க வேண்டிய அரசு கோட்டைவிட்டதை, ஒரு மீ கடைக்காரர் பாஸ்புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

அரசாங்கம் கடைசியில் சங்கத்தையும் சேமித்தவரையும் தனித்தனியாகப் பிரித்தது. தேறாத சங்கங்கள் போயின. சேமித்தவர்களுக்குப் பணம் திரும்பியது, ஒரு பகுதி ரொக்கமாக, ஒரு பகுதி பங்குகளாக. ஃபியூஸ் போகலாம், வீடு எரியக்கூடாது. என் கணக்கில் இதுதான் சரியான வழி. ஆனால் அது தானாக நடக்கவில்லை. 5 லட்சம் பேரும் ஓட்டுப் போடுகிறவர்கள், ம.சீ.ச.வுக்கு அது நன்றாகவே தெரியும்.

அதே காலத்தில் நம் ஆட்கள் பணம் போட்ட இடம் மைக்கா ஹோல்டிங்ஸ். பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் அறுபதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1984-இல் ம.இ.கா.வின் அழைப்பை நம்பி 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்து வாங்கிய தோட்டத் தொழிலாளர்களும் அதில் உண்டு. மைக்கா ஒரே நாளில் விழவில்லை. வருஷக்கணக்காகத் தேய்ந்தது. 2010-இல் வெஸ்ட்போர்ட்ஸ் ஞானலிங்கத்தின் நிறுவனம் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தது. 26 வருஷத்துக்குப் பிறகு 80 சென்.

பங்கு வேறு, சேமிப்பு வேறு. பங்குதாரர் நஷ்டத்தைச் சுமக்கத்தான் வேண்டும் என்பார்கள். சட்டப்படி சரி. ஆனால் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த வித்தியாசத்தை யாராவது சொல்லியிருப்பார்கள்? சமூகத்தின் உண்டியல் என்று நினைத்துப் போட்டவர்கள்தான் அதிகம். வாசலில் வரிசை இல்லை, ஒரே நாள் பீதி இல்லை. அதனால் அவசரச் சட்டமும் இல்லை.

1998-இல் அவசரம் மறுபடி வந்தது. டானாஹர்த்தா வங்கிகளின் வாராக்கடனை வாங்கியது, டானாமோடல் மூலதனம் போட்டது. வங்கிகள் பிழைத்தன. 2005-இல் வைப்புத்தொகைக் காப்புறுதியும் வந்தது, முதலில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 60,000 வெள்ளி வரை, பிறகு 250,000. 1986-இல் பணம் மாட்டிக்கொண்டது கூட்டுறவுச் சங்கங்களில். அந்தக் காப்புறுதி கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கிடையாது.