பத்து இலட்சம் மணித்தியாலம்

வன்தட்டு ஒன்றின் விவரத்தாளைப் பார்த்தால், செயலிழக்கும் வரையான சராசரிக் காலம் 10 இலட்சம் மணித்தியாலம் என்று அச்சிட்டிருக்கக் காணலாம். சிலவற்றுக்கு 15 இலட்சம். பத்து இலட்சம் மணித்தியாலம் என்பது 114 ஆண்டுகள். வன்தட்டு என்ற கருவி உலகத்துக்கு வந்தே இன்னும் அத்தனை காலம் ஆகவில்லை. பின் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஆயிரம் தட்டுகளை ஆயிரம் மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ 42 நாட்கள் ஓடவிட்டு, அவற்றில் ஒன்றே ஒன்று பழுதானால் கணக்கு பத்து இலட்சமாகிவிடும். உங்கள் மேசையில் ஓடும் தட்டு எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை.

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956 செப்டெம்பரில் அறிமுகம் செய்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜோன்சன் தலைமையிலான குழு அதனை உருவாக்கியது. 24 அங்குல விட்டங் கொண்ட 50 தட்டுகள். ஏறத்தாழ ஒரு தொன் எடை. அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துக்கள். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் படங்களில் ஒன்றிரண்டுக்கு மேல் அதற்குள் வைக்க முடியாது. 1973இல் வந்த ‘வின்செஸ்டர்’ வகை, தட்டையும் அதனைப் படிக்கும் முனையையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தது. முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டின் சுழற்சியால் உண்டாகும் மெல்லிய காற்றுப் படையின்மீது மிதக்கிறது. இன்றைய தட்டுகளில் அந்த இடைவெளி ஒருசில நனோமீற்றர். தலைமயிரின் தடிப்போ பல்லாயிரம் நனோமீற்றர். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் ஒன்றின்மேல் இந்த வித்தை ஓயாது நடக்கிறது. பழுதாகாமல் ஓடுவதைத்தான் நான் அதிசயமாக எண்ணுகிறேன்.

2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த ஐ.பி.எம்.மின் ‘டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி’ வரிசை பெருந்தொகையாகப் பழுதாகி, ‘டெத்ஸ்டார்’ என்ற பட்டப்பெயரைப் பெற்றது. 2001இல் அமெரிக்க வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். சிறிது காலத்தில், வன்தட்டை உலகுக்குத் தந்த அந்நிறுவனமே அவ்வணிகத்தை ஹிட்டாச்சியிடம் விற்றுவிட்டு விலகிக்கொண்டது.

உண்மை நிலவரம் வெளிவந்தது 2007 பெப்ரவரியில், அதே சான் ஹோசேயில் நடந்த ஒரு மாநாட்டில். கூகுள் பொறியியலாளர்கள் தங்களிடமிருந்த ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து, மூன்றாம் ஆண்டில் ஓராண்டுக்கு நூற்றுக்கு எட்டுக்கு மேல் செயலிழப்பதைக் கண்டனர். தட்டு தன்னைத்தானே சோதித்து எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டல்லவா? செயலிழந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை அதன் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே நின்றுபோயின. வெப்பம்தான் எதிரி என்ற பொதுநம்பிக்கைக்கும் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் எனது கதையையும் சொல்லவேண்டும். தோப்பூரில் எமது வீட்டில் பத்தாண்டுகளில் நான்கு தட்டுகள் போயின. திருகோணமலையில் கணினி திருத்தும் தம்பி ஒவ்வொரு முறையும் வெயிலையும் மின்வெட்டையுமே குறை கூறினார். முதலிரண்டில் பெரிய இழப்பில்லை. மற்ற இரண்டும் வேறு. 2006 ஓகஸ்டில் மூதூர், தோப்பூர்ப் பகுதி மக்கள் யுத்தத்தால் பெயர்ந்து, ஒரு சாரார் கந்தளாய்க்கும் மற்றொரு சாரார் வாகரைப் பக்கமாக மட்டக்களப்புக்கும் சென்றனர். திரும்பி வந்த முதியவர்கள், முஸ்லிம்களும் தமிழர்களும், தாம் சென்ற வழியையும் விட்டுச்சென்ற பொருளையும் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்தேன். ஒரு தட்டில் மூலம், மற்றொன்றில் பிரதி. இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. பதினெட்டு நாள் இடைவெளியில் இரண்டும் நின்றன. பேசியவர்களில் அரைவாசிப்பேர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

அந்த 2007 மாநாட்டில் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் சமர்ப்பித்த மற்றோர் ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. தட்டுகள் தனித்தனியே, ஒன்றோடொன்று தொடர்பின்றிப் பழுதாகும் என்பது பழைய எடுகோள். அவர்கள் சேர்த்த பதிவுகளிலோ பழுதுகள் அடுத்தடுத்துக் கூட்டமாகவே வந்தன. 1988இல் பல தட்டுகளைக் கோத்து ஒன்றின் இழப்பை மற்றவற்றால் ஈடுசெய்யும் முறையை முன்வைத்த மூவரில் இந்தக் கிப்சனும் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் பிரதி என்பது வேறோர் ஊரில், வேறொருவர் வீட்டில் இருந்தது. எமது கோணேசர் கல்வெட்டு பெயரளவில்தான் கல்வெட்டு. அது பிழைத்தது ஏடு பார்த்து ஏடு எழுதியோரால். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஊரூராகப் பிரதி தேடவேண்டியிருந்தது, தேடினால் கிடைத்தது. ஒரே கட்டடத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்த யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாதவை அன்றே தீர்ந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களை வருடி இணையத்தில் இடுவதை அந்த நினைவோடு சேர்த்தே நான் பார்க்கிறேன்.

தட்டுகள் நிற்பதற்கு முன் பதினொரு பேட்டிகளைக் கேட்டு எழுதித் தாளில் வைத்திருந்தேன். அவற்றைப் படியெடுத்துக் கந்தளாயில் ஒருவருக்கும், மட்டக்களப்பில் ஒருவருக்கும், ரொறன்ரோவில் ஒருவருக்கும் அனுப்பினேன். ரொறன்ரோவில் இருப்பவர் வாசித்துவிட்டு, தம் பாட்டி சொன்னதாக நான் எழுதியிருக்கும் ஒரு குளத்தின் பெயரை வீட்டில் வேறுவிதமாகச் சொல்லுவார்கள் என்று எழுதியிருக்கிறார். ஒலிப்பதிவு இருந்தால் கேட்டுப் பார்த்திருக்கலாம்.