உயிலும் மடலும்: வில்லா கேதரின் கடிதத் தொகுப்பு

தம் கடிதங்களை அச்சிடவே கூடாது என்று உயில் எழுதிவைத்து மறைந்த படைப்பாளியின் கடிதங்களைப் பின்னாளில் வெளியிடலாமா? அமெரிக்க நாவலாசிரியர் வில்லா கேதரை முன்வைத்து இந்தக் கேள்வி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டது. 1873இல் வர்ஜீனியாவில் பிறந்து, சிறுமியாக நெப்ராஸ்காவின் புல்வெளிக்குக் குடிபெயர்ந்தவர் அவர். அங்கே வந்து குடியேறிய உழவர்களின் வாழ்வை ‘ஓ பயனியர்ஸ்’ (1913), ‘மை ஆன்டனியா’ (1918) ஆகிய நாவல்களில் நிலைநிறுத்தினார். 1947இல் நியூயார்க்கில் காலமானபோது, தம் கடிதங்களை வெளியிடவோ மேற்கோள் காட்டவோ கூடாது என்ற தடையை உயிலில் விட்டுச்சென்றார். அந்தத் தடையைத் தாண்டி 2013இல் ஆண்ட்ரூ ஜூவலும் ஜானிஸ் ஸ்டவுட்டும் 566 கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அது முறைகேடன்று, காலம் தாழ்ந்து வழங்கப்பட்ட நீதி என்பதே என் முடிபு.

தடை நடைமுறையில் என்ன செய்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடிதத்தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்குச் சொந்தம். ஆகவே நண்பர்களும் உறவினரும் காத்துவைத்த மடல்கள் நூலகங்களைச் சேர்ந்தன. அங்கே போய் எவரும் படிக்கலாம். படித்ததைக் கேதரின் சொற்களில் மட்டும் சொல்லக் கூடாது. வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பொழிப்புரை தந்தார்கள். 2002இல் ஸ்டவுட் வெளியிட்ட விவரப்பட்டியலும் 1,800க்கும் மேற்பட்ட கடிதங்களின் சுருக்கத்தையே தர முடிந்தது. கேதரின் அந்தரங்கத்தை அந்தத் தடை காக்கவில்லை. அவர் எழுதியதைப் பிறர் வாய்மொழியாகவே உலகம் கேட்கும் நிலையைத்தான் உண்டாக்கியது. ஒவ்வோர் ஆய்வாளரும் தம் கொள்கைக்கேற்ப வளைத்துச் சொன்னாலும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளப் பொது வாசகருக்கு வழியில்லை.

இதன் விளைவை ‘ஒன் ஆஃப் அவர்ஸ்’ நாவலின் வரலாறு தெளிவாகக் காட்டும். முதல் உலகப்போரில் மடியும் நெப்ராஸ்கா இளைஞனின் கதையான இது 1922இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதன் போர்க்காட்சிகள் ஒரு திரைப்படத்திலிருந்து எடுத்தவை என்று எர்னஸ்ட் ஹெமிங்வே 1923இல் விமர்சகர் எட்மண்ட் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில் ஏளனம் செய்தார். வில்சன் அதை 1952இல் தம் நூலில் அச்சிட, போரறியாத பெண் எழுதிய போர்க்கதை என்ற பழி ஊன்றிவிட்டது. ஆனால் 1922இலேயே தம் எழுத்தாளத் தோழி டாரதி கேன்ஃபீல்டு ஃபிஷருக்கு எழுதிய கடிதங்களில், 1918இல் பிரான்சின் கான்டிஞியில் உயிரிழந்த தம் பெரியப்பா மகனின் வாழ்விலிருந்தே இக்கதை பிறந்ததைக் கேதர் விளக்கியிருந்தார். அந்த இளைஞன் போர்முனையிலிருந்து தாய்க்கு எழுதிய கடிதங்களையும் அவர் படித்திருந்தார். பிரான்சை நன்கறிந்த ஃபிஷரிடம் அச்சுப்படிகளைக் கொடுத்துப் பிழை பார்க்கவும் கேட்டுக்கொண்டார். குற்றம் சாட்டியவரின் கடிதம் அச்சில் உலவியது. குற்றம் சாட்டப்பட்டவரின் கடிதம் பூட்டிக் கிடந்தது. இந்த நாவல் முழுமையான வெற்றி என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஆசிரியரின் சாட்சியத்தைக் கேளாமல் வழங்கும் தீர்ப்பு தீர்ப்பாகாது.

இறந்தவரின் விருப்பத்தை மீறுவது அறமா என்று கேட்பார்கள். எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று இது. கேதர் உயிலில் குறிப்பிட்ட விருப்பத்தை அவருடைய தோழி எடித் லூயிஸ் 1972இல் தாம் இறக்கும்வரை காத்தார். பின்னர் தம்பி மகன் சார்லஸ் கேதர் 2011இல் மறையும்வரை காத்தார். கேதரையும் அவர் அன்புக்குரியோரையும் காக்கும் கடமை அவர்களோடு நிறைவுற்றது. இறந்து எழுபது ஆண்டு கடந்தால் வெளியிடப்படாத எழுத்தும் பொதுவுடைமை ஆகும் என்பது அமெரிக்கச் சட்டம். அதன்படி 2018 தொடக்கத்தில் இக்கடிதங்கள் தாமாகவே விடுதலை பெற்றன. கடிதங்கள் படைப்பை விட்டு வம்புக்கு இழுக்கும் என்பது இன்னொரு மறுப்பு. ‘மை ஆன்டனியா’வுக்கு ஓவியர் பெண்டா வரைந்த கோட்டோவியங்களுக்காகப் பதிப்பாசிரியர் ஃபெரிஸ் கிரீன்ஸ்லெட்டோடு அவர் நடத்திய மடல் வாதத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். புத்தகத்தின் தோற்றமும் எழுத்தின் ஒரு பகுதியே என்று உறுதியாக நின்ற கலைஞரை அங்கே காண்கிறோம். வம்பை வளர்த்ததே மறைப்புதான். எல்லா மடல்களையும் தேடி எரித்துவிட்டார் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. தோழி இசபெல் மெக்கிளங்குக்கு எழுதியவை போன்ற சிலவற்றை அவர் அழித்தது உண்மை. என்றாலும் சுமார் 3,000 கடிதங்கள் எஞ்சியிருப்பதே அந்தப் பேச்சுக்குப் போதிய மறுமொழி.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கேதர் ஆவணக்காப்பகம் 2018 முதல் கடிதங்களை முழுமையாகவும் குறிப்புரையோடும் எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் தந்துவருகிறது. வாசகர்கள் நாவல்களை முதலில் படிக்கட்டும். பிறகு கடிதங்களுக்கு வரட்டும். கேதரைப் பற்றிப் பிறர் சொன்னவற்றையெல்லாம் இனி அவருடைய சொல்லோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.