கூண்டு ஏறிய துறைமுகமும் கூண்டில்லாத சூளையும்: விருத்தாசலம், நல்லூர் வட்டாரத்தை முன்வைத்து வெயில், புயல் பாதுகாப்பின் வரலாறு

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் கடலூர் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பதுதான் அன்றைய முதல் செய்தி. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் விருத்தாசலம். அதையும் தாண்டினால் மணிமுத்தாறும் கோமுகியும் கூடும் நல்லூர். இந்த ஊர்களில் கூண்டு ஏற்றுவது கிடையாது. சித்திரை வெயிலுக்கோ எந்த ஊரிலும் கூண்டு ஏறியதில்லை. புயலுக்கு ஒன்றரை நூற்றாண்டாக அரசு எச்சரிக்கை இருக்கும்போது வெயிலுக்கு ஏன் நேற்றுவரை இல்லை? கடலோரத்துக்கு முதலில் வந்தது உள்நாட்டுக்கு ஏன் பிந்தி வந்தது? இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பது என் கருத்து. பாதுகாப்பு விதி ஒவ்வொன்றும் யாருடைய இழப்பு அரசின் கணக்கில் முதலில் ஏறியதோ அவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதிலிருந்து மற்றவர்களுக்கு நகர அது நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. பீங்கான் சூளைகளும் மக்காச்சோளக் காடுகளும் நிறைந்த இந்த வட்டாரம் வரிசையின் கடைசியில் நின்றது.

அரசு வருவதற்கு முன்பே ஊருக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உண்டு. வழிப்போக்கர் சுமையை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். வீட்டு முகப்பில் திண்ணை வைத்தார்கள். சித்திரை 21ஆம் நாளில் தொடங்கி வைகாசி 14 வரை நீளும் கத்திரி வெயிலைப் பஞ்சாங்கம் தனியே குறித்துவைத்தது. அந்த நாட்களில் விடிவதற்கு முன் ஏர் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுவது குடியானவர் வழக்கம். காலை உணவாக உப்பிட்ட நீராகாரமும் மோரும் குடித்தார்கள். வியர்வையில் போகும் நீரையும் உப்பையும் சேர்த்தே ஈடுசெய்ய வேண்டும் என்று இன்றைய மருத்துவம் சொல்வதும் இதைத்தான்.

மண்பானையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் வட்டாரம் இது. மெருகு பூசாத பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அதே மண்ணுக்கு மெருகு பூசிச் சுட்டுவிட்டால் துளை அடைபட்டு, உள்ளே உள்ள நீர் குளிர்வதில்லை. மனித உடலும் மெருகு பூசாத பானை போலத்தான் குளிர்கிறது: வியர்வை ஆவியானால் உடல் தப்பும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பானைத் தண்ணீர் சரியாகக் குளிராததை வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அந்த நாளில் உடலும் அவ்வளவு எளிதில் குளிராது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று அறிவியல் பிற்பாடு பெயரிட்டு அளந்தது இதைத்தான். வெயிலின் ஆபத்தை வெறும் டிகிரிக் கணக்கால் அறிய முடியாது என்பதற்குப் பானையை விட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

புயல் எச்சரிக்கையின் கதை கப்பலில் தொடங்குகிறது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள், துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நொறுங்கின. மறுஆண்டே கல்கத்தா துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டே தொடங்கிய பெரும்பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது, மழையைக் கணிக்கும் வேலையும் துறையின் தலையில் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியத் துறைமுகங்களுக்கெல்லாம் ஒரே மாதிரியான குறி முறை வந்துவிட்டது: பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள், ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். மாலுமியின் கண்ணுக்கென்று அமைந்த அந்தக் குறியை மீனவர் தாமாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். கரையிலிருந்து அறுபது கிலோமீட்டர் உள்ளே முந்திரிக்குக் கீழே நிற்பவரின் கண்ணில் அது படவே வாய்ப்பில்லை.

வெயிலுக்கான பாதுகாப்பு முதலில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு வந்தது. நெட்டித் தொப்பி, உயரக் கூரையிட்ட பாசறை, மலைவாசத் தலம் எல்லாம் அவருக்கென்று உருவானவை. அளவுகோல் வேறொரு தொழிலிலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், காற்றசைவு இல்லாத இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் வெப்பம்கூட ஏறத் தொடங்குகிறது என்று 1905இல் எழுதினார். நூறாண்டு கழித்து, 2010இல், மனித உடல் தாங்கும் எல்லை ஈரக்குமிழ் 35 டிகிரி என்று ஷெர்வுட், ஹூபர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கோட்பாட்டளவில் கணக்கிட்டார்கள். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நலமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது உண்மையான எல்லை 31ஐ ஒட்டியே வந்தது. அறிவு 1905இலேயே கையில் இருந்தது. அது சுரங்கத்தையும் படைமுகாமையும் தாண்டிச் செல்லவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இந்தியாவில் அந்த அறிவு சட்டமாக இறங்கிய ஆண்டு 1948. அவ்வாண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. வேலையிடத்தில் போதிய காற்றோட்டம் வேண்டும். மிகுந்த வெப்பம் எழும் வேலை நடந்தால் அந்த வெப்பத்தைத் தொழிலாளர் நிற்கும் இடத்திலிருந்து பிரிக்கவோ சூடான பகுதியை மூடவோ வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் வெள்ளையடிப்பது, தண்ணீர் தெளிப்பது, கூரையை உயர்த்துவது, இரட்டைக் கூரை போடுவது போன்ற வழிகளைக் கையாளச் செய்யலாம். 2017இல் அகமதாபாத் நகரம் குளிர்கூரைத் திட்டம் தொடங்கியபோது ஏடுகள் அதைப் புதுமை என்று எழுதின. கூரைக்கு வெள்ளையடிக்கும் யோசனை 69 ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. சட்டத்தை ஒட்டிய மாதிரி விதிகள் இன்னும் துல்லியமானவை: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, காற்று நிமிடத்துக்கு 30 மீட்டராவது நகர வேண்டும். ஹால்டேனின் எண்ணுக்கு ஒரு டிகிரி கீழே!

இத்தனை நல்ல சட்டம் விருத்தாசலத்துச் சூளைக்கு ஏன் எட்டவில்லை? விடை வரையறையில் இருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் வேலை செய்தால்தான் அது 'தொழிற்சாலை' ஆனது. கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்ற 18ஆம் பிரிவின் கடமையோ 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் இருந்தது. நெய்வேலி நிலக்கரிக்கு மேலே கிடைத்த வெண்களிமண்ணை நம்பி விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் அமைந்தன. அகல்விளக்கு, கொலு பொம்மை, பீங்கான் ஃபியூஸ் கட்டை எல்லாம் அங்கே வார்க்கிறார்கள். அவற்றில் மிகப் பல சிறு கொட்டகைகள். ஒரு குடும்பமும் கூலிக்கு நான்கைந்து பேரும் சேர்ந்தால் ஒரு தொழில் நடந்துவிடும். எத்தனை பேர் இருந்தாலும் ஓர் இடத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர 85ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. வெயிலை முன்னிட்டுச் சிறு சூளைகளுக்கு அந்த அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது என் துணிபு.

சூளையின் வேலைமுறையே வெயிலோடு பின்னியது. வார்த்த ஈர மண் சுடுவதற்கு முன் நன்றாகக் காய வேண்டும், கோடைதான் அதற்கு ஏற்ற பருவம். கார்த்திகைக்கான விளக்கையும் நவராத்திரிக்கான பொம்மையையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே செய்து சேர்க்க வேண்டும். அதனால், "கத்திரியில் வேலையை நிறுத்துங்கள்" என்ற அறிவுரை இங்கே செல்லாது. பீங்கான் சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சுடப்படுகிறது. அணைத்த பிறகும் சூளைச் சுவர் பல மணி நேரம் அனல் வீசும். முழுதும் ஆறுமுன் சரக்கை இறக்க நேர்ந்தால் நிழலில் நிற்பவருக்கும் வெயிலில் நிற்பவருக்கும் வேறுபாடு இல்லை. உள்ளே வெப்பம் சரியாக ஏறியதா என்று பார்க்க, குறித்த வெப்பத்தில் சாய்ந்துவிடும் கூம்பைச் சூளைக்குள் வைக்கும் நுட்பத்தை ஜெர்மனியில் செகர் 19ஆம் நூற்றாண்டிலேயே தந்துவிட்டார். பொருள் கெட்டுவிடாமல் காக்க அளவி உண்டு. பக்கத்தில் நிற்கும் ஆளுக்காக ஒரு வெப்பமானி தொங்கவிட வேண்டும் என்று சிறு கொட்டகையிடம் எந்த விதியும் கேட்டதில்லை.

'வெப்ப அலை' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. சமவெளியில் அதிகபட்ச வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பை விட 4.5 டிகிரியாவது மிகுந்தால்தான் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. 45ஐத் தொட்டால் இயல்பைப் பார்ப்பதில்லை. கடற்கரைக்கு அந்த முதல் எல்லை 37. மே மாத இயல்பே 38 ஆக உள்ள ஓர் உள்நாட்டு ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே 42 டிகிரி அடித்தாலும் வரையறை நிறைவேறாது. கடற்காற்று மாலையில்கூட எட்டாத ஊர், வெயிலுக்குப் பழகிய ஊர் என்பதாலேயே எச்சரிக்கைக்குத் தகுதி இழக்கிறது. ஈரப்பதமும் சூளை அனலும் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

2010 மே மாத வெயிலில் அகமதாபாத்தில் வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலாக இறந்ததை ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அந்நகரம் 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை எழுதியது. ஆயினும் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு நிவாரணத்துக்கென ஏற்ற பேரிடர்ப் பட்டியலில் குளிர் அலை இருந்தது, வெப்ப அலை இல்லை. அந்த இடைவெளியைத் தமிழ்நாடு 2024 அக்டோபரில் நிரப்பியது: வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல முடிவு. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று மருத்துவச் சான்று வேண்டும். 2022இல் நாடு முழுவதும் வெயிலில் இறந்தவர் 730 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. வயலில் மயங்கி விழுந்து, நெஞ்சடைப்பு என்று எழுதி முடிக்கப்பட்டவர்கள் இதில் வரமாட்டார்கள்.

அதே ஆண்டு மின்னலுக்கு இறந்தவர் 2,887 பேர். இந்த எண்ணிக்கைக்குப் பின்னே உள்நாட்டு வயல்கள் இருக்கின்றன. 2025 அக்டோபரில் நல்லூரை அடுத்த வேப்பூர்ப் பகுதியில், கழுதூர் அருகே, வயல் வேலையில் இருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். புயலும் கடற்கரையோடு நிற்பதில்லை. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த ஒட்டு முந்திரி ரகங்களை நட்டு, காய்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 2024 நவம்பர் 30இல் கரையேறிய ஃபெஞ்சல் உள்ளே நகர்ந்து, கடலை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இன்று எச்சரிக்கை கைப்பேசிக்கே வருகிறது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி இடி நெருங்குவதைச் சொல்கிறது. களை எடுக்கும் பெண்ணின் கைப்பேசி வரப்பில் சோற்றுத்தூக்கோடு கிடக்கும். வேலையை நிறுத்தலாம் என்று சொல்ல வேண்டியவர் மேஸ்திரி, கூலியைப் பிடிக்காமல் இருக்க வேண்டியவர் நிலக்காரர். இடிச் சத்தம் கேட்டதும் மரத்தடியை விட்டு, பக்கச் சுவரில்லாத தகரக் கொட்டகையையும் விட்டு, கான்கிரீட் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்கிறார்கள். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே அப்படி ஒரு கட்டடம் எத்தனை நிமிட நடையில் இருக்கிறது என்பதை ஊராட்சிகள் இன்னும் அளக்க வேண்டியிருக்கிறது.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் 'தொழிற்சாலை' ஆவதற்கான எண்ணிக்கை மின்சாரத்தோடு 20, மின்சாரமின்றி 40 என்று இரட்டிப்பாகிவிட்டது. 10 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொதுவான சில கடமைகள் பொருந்தும். ஆறு பேர் வேலை செய்யும் கொட்டகைக்கு அவையும் இல்லை. வெப்ப அலையைப் பேரிடர் என்று ஏற்ற மாநில அரசு, இறந்த பிறகு தரும் 4 லட்சத்தோடு இதையும் சேர்க்கலாம்: செராமிக் தொழிற்பேட்டையின் ஒவ்வொரு கொட்டகையிலும் ஓர் ஈரக்குமிழ் வெப்பமானி, 30 டிகிரி என்ற பழைய விதியின் கோடு அதில் சிவப்பில் வரைந்திருக்க வேண்டும், கோடு தாண்டும் நேரத்தில் சரக்கு இறக்குவதை மாலைக்குத் தள்ளும் உரிமை இறக்குபவரிடம் இருக்க வேண்டும்.