சான்று காட்டும் மரபும் குற்றாலத்து ரசிகமணியும்

தென்காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் கி.பி. 1446-இல் எடுப்பிக்கத் தொடங்கினான். அக்கோயிற் கல்வெட்டுகளுள் அம்மன்னன் வாக்காகவே அமைந்த செய்யுட்களும் உள்ளன. கல்லில் நின்ற பாட்டை ஐயுறுவோர் நேரிற் சென்று படித்துத் தெளியலாம். தமிழ் நூல்களிற் பெரும்பாலானவற்றுக்கு இப்பேறு வாய்க்கவில்லை. ஓலையினின்று ஓலைக்குப் பெயர்த்தெழுதப்பட்டு வந்தமையால், பாட வேறுபாடும் இடைச்செருகலும் அவற்றில் இயல்பாயின. ஆகவே, ஒரு கருத்தை உரைப்பவர் அதற்கு ஆதாரமான அடி எது, எந்நூலில் எவ்விடத்தில் உள்ளது என்று காட்டுவது இன்றியமையாத கடமையாயிற்று.

இக்கடமையை மேலைநாட்டுக் கல்விமுறை கொணர்ந்த புதுவழக்கமாகக் கருதுவது பொருந்தாது. காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்னும் ஐந்தினை நன்னூல் வகுத்துள்ளது. எடுத்துக்காட்டில்லாத உரை நிறைவுடையதன்று என்பதே இதன் கருத்து. அந்நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் இயற்றிய விருத்தியுரை, இன்றைய தென்காசி மாவட்டத்து ஊற்றுமலையின் மருதப்பத் தேவர் வேண்டுகோளால் எழுந்தது. பொதிய மலைச் சாரலில் உள்ள விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்த சிவஞான முனிவர் பின்னர் அதனைத் திருத்திச் செம்மை செய்தார். எனவே, சான்று காட்டி எழுதும் கலை இச்சாரற் பகுதியின் முதுசொத்து எனலாம்.

மேற்கோளால் விளையும் நன்மைக்கு முத்தொள்ளாயிரம் ஒன்றே போதிய சான்று. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத புலவர் ஒருவர் தொகுத்த புறத்திரட்டில் அதன் செய்யுட்கள் 108 இடம்பெற்றன. உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டமையால் வேறு சில பிழைத்தன. எடுத்த பாட்டோடு நூற்பெயரையும் குறித்துவைத்த பண்பினாலேயே மூவேந்தரைப் பாடிய அக்கவிகளை இன்று இன்ன நூலின என்று அறிந்து சுவைக்க முடிகிறது.

அவ்வாறு எஞ்சிய முத்தொள்ளாயிரப் பாடல்களுக்கு விளக்கம் எழுதிப் பலரும் சுவைக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவர் இல்லத்து வட்டவடிவ முற்றத்திற் கூடிய அன்பர் குழு ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது அவர் இல்லம் ராஜாஜி, கல்கி முதலியோர் நாடிவரும் இலக்கியத் தலமாயிற்று. ஒரு பாட்டைப் பன்முறை இசைத்துப் படித்து, எச்சொல்லில் உணர்ச்சி நிற்கிறது, எவ்வடியில் தாளம் திரும்புகிறது என்று சுட்டிக் காட்டுவதே அவர் முறை. பாட்டு முன்னே நிற்க, பாராட்டு அதன்பின் வரும். வாளா ‘அருமை’ என்று கூறி அமையாத இம்முறையும் சான்று காட்டும் பயிற்சியே ஆகும்.

எனினும், கம்பராமாயணத்தைப் பதிப்பிக்கப் புகுந்தபோது அவர் வேறொரு துணிவு கொண்டார். வழங்கிவரும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் ஒரு சிறு பகுதியையே கம்பர் வாக்காக ஏற்றார். சில இடங்களிற் சொற்களையும் மாற்றி அமைத்தார். செவியும் இதயமும் அவருக்கு அளவுகோல்களாயின. ஏட்டுச் சான்றின்றிப் பாடத்தை மாற்றலாகாது என்று புலவர் பலர் மறுத்தனர். அம்மறுப்பு நியாயமானதே. நுண்ணிய செவியும் ஒருவருடைய செவியே. அச்செவிக்கு ஒவ்வாதது மற்றொரு காலத்தார்க்குச் சுவைக்கக்கூடும். மூலம் மாறிவிட்டாலோ அவர்கள் சுவைப்பதற்கு ஒன்றும் எஞ்சாது.

அதே நெல்லைச் சீமையிற் பிறந்து, அவரைப் போலவே சட்டம் பயின்றவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. 1926 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக அமர்ந்து அதனை 1936-இல் முற்றுவித்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதியில், பொருளுக்கு ஆதாரமாக நூற்பெயரும் இடமும் குறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். புறத்திரட்டை ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவரும் அவரே. அவருடைய காலக்கணிப்புகள் சில கடுமையாக மறுக்கப்பட்டன. ஆயினும் மறுத்தோர்க்கும் அவர் காட்டிய ஆதாரங்கள் கண்முன் கிடந்தன. அவற்றைக் கொண்டே அவரை எதிர்வாதிட முடிந்தது. சான்றைத் திறந்து வைப்பதன் பெருமை இதுவே.

இவ்விரு வழிகளும் இன்றைய மாணவர்க்கு ஒருங்கே வேண்டும். ‘சான்றோர் கூறுவர்’ என்று எழுதும் மாணவனை, எச்சான்றோர், எந்நூலில் என்று ஆசிரியர் வினவ வேண்டும். ‘கம்பர் பாடினார்’ என்று எழுதினால் காண்டமும் படலமும் செய்யுளெண்ணும் கேட்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறுதலின் பதிப்பின் பெயரும் கேட்க வேண்டும். அடியை எழுதிவிட்டு அடுத்த கருத்துக்குத் தாவாமல், அவ்வடியின் எச்சொல் தன் கருத்தைத் தாங்குகிறது என்று விளக்கவும் பழக்க வேண்டும். தனக்கு ஒவ்வாத பாடம் எதிர்ப்பட்டால் மூலத்தை உள்ளவாறே எழுதி, தன் ஐயத்தைத் தனியே குறித்தல் நன்று.

இப்பயிற்சி கவிஞர்க்கும் உரியது. 1954-இல் ரசிகமணி மறைந்தபின் அவர் குரலை நேரிற் கேட்டவர் தொகை குறைந்துகொண்டே வந்தது. அவர் சுட்டிய நயங்களை இன்று சரிபார்க்கத் துணைநிற்பது அச்சிட்ட பாட்டின் அடிகளே. இன்று பாடப்படும் கவிதைக்கும் நாளை அந்நிலையே நேரும். பாடியவர் சொல்லைப் பாடியவாறே எடுத்துக்காட்டும் பழக்கத்தை இலக்கிய வட்டங்கள் இளையோர்க்குக் கற்பித்து வருமாயின், அக்கவிதையும் திரிபின்றி அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.