கண்ணால் கற்ற வித்தை

வித்தையை ஒளிப்பவர் எக்காலத்தும் உண்டு. ஒளித்த வித்தையைக் கண்ணாலேயே கற்றுக்கொள்பவரும் உண்டு. தைல வர்ணத்தால் உருவப்படம் தீட்டும் கலை தென்னாட்டில் பரவிய வரலாறு இதற்குச் சான்றாகும்.

திருவிதாங்கூர் அரண்மனையில் இக்கலை வளர மதுரை துணை நின்றது. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் காலத்தில் மதுரை அழகிரி நாயுடு அங்கே ஓவியராக விளங்கினார். பின்னர் ஆயில்யம் திருநாள் அவையில் இராமசாமி நாயுடு பெயர் பெற்றிருந்தார். 1862இல், பதினான்கு வயதில், கிளிமானூர் இரவிவர்மா அவ்வரண்மனைக்கு வந்தார். நாயுடு அவருக்குத் தைல வர்ண நுட்பத்தைக் கற்பிக்க மறுத்தார் என்பர். 1868இல் மன்னரின் படத்தைத் தீட்ட வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சனும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டுவதை அருகிருந்து பார்க்க மட்டும் இடங்கொடுத்தார்.

அப்படி ஒளிக்கத்தக்க நுட்பம் யாது? நீர்வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ காற்றின் பிராணவாயுவை ஏற்று மெல்லமெல்ல இறுகும். அதற்குள் ஒளியையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்துக் கன்னத்தின் திரட்சியைக் காட்டிவிடலாம். ஆனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் படம் வெடிக்கும். இந்த வரிசையை அறிவதே கலையின் திறவுகோல்.

பார்த்தும் பலமுறை தீட்டியும் இரவிவர்மா அதனைக் கைக்கொண்டார். 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்திற்குப் பொற்பதக்கம் பெற்றார். 1894இல் பம்பாயில் அவர் வண்ண அச்சுக்கூடம் நிறுவினார். அரண்மனைச் சுவரில் இருந்தவை ஏழையின் சுவருக்கும் வந்தன. கற்பிக்க ஆளின்றித் தவித்தவர், தாம் அறியாத எண்ணற்றோருக்கு ஆசானானார்.

இராசபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில் நான் வளர்ந்த வீட்டிலும் அத்தகைய இலட்சுமி படம் ஒன்று தொங்கிற்று. நூலால் கட்டம் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் நகலெடுத்தே நான் முகம் எழுதப் பழகினேன். இமையின் வளைவும் ஒளி விழும் பக்கமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. பூச்சின்மேல் பூச்சாக வண்ணம் அமைந்த வரிசை மட்டும் தெரியவில்லை. அச்சுக்கு ஒரே தளந்தானே! அதனை அறிய மூலப்படத்தின் முன்னேதான் நிற்க வேண்டும்.

இவ்வுண்மையை மேனாட்டார் முன்பே உணர்ந்திருந்தனர். 1793இல் பாரிஸ் நகரில் லூவர் கலைக்கூடம் திறந்தபோது, ஓவியர் நகலெடுப்பதற்கென்றே சில நாள்களை ஒதுக்கினர். நம் பக்கத்தில் 1935இல் திருவனந்தபுரத்துச் சித்திரா கலைக்கூடம் திறக்கப்பட்ட பின்னரே எளியவரும் இரவிவர்மாவின் தூரிகைத் தடங்களை நேரில் காண முடிந்தது.

எங்கள் பகுதியில் வேறொரு வழியும் திறந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரை எழுதி, கோவில்பட்டியில் நிலைத்த கொண்டையராஜு மாணவர் பலரை உடனிருத்திக் கற்பித்தார். அவர் 1976இல் மறைந்தார். அவர் கைவண்ணம் நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றது.

நகலெடுத்தலை இழிவாகக் கருதுவோர் உளர். மேதை ஒருவரின் படத்தைக் கோடு கோடாகத் தொடர்ந்து செல்வது, அவர் எண்ணியவாறே எண்ணிப் பார்ப்பதாகும். படத்தின் முன் நிற்பவர் யாராயினும், அது தன் வித்தையை மறுப்பதில்லை. எனவே, நல்ல படங்களை இளைஞர் கண்ணுக்கு எட்டும்படி வைப்பது நம் கடமையாகும்.